போர்த் தண்ணீரும் ஷேவிங் கிரீமும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. கோயம்புத்தூரில் இருந்தவரை கார்ட்ரிட்ஜ் ரேசரும் டப்பாவில் வரும் ஃபோமும்தான் பயன்படுத்தினேன். கழுத்தில் பொரிப்பொரியாகப் பருக்கள் வந்துகொண்டே இருந்தன. முடி வெட்டும் அண்ணன் ஒருவர், "ஒற்றை பிளேடுக்கு மாறிப் பாருங்க" என்றார். இதற்கிடையில் வேலை பல்லடத்துக்கு மாறிவிட்டது. தினமும் ஷேவ் செய்துகொண்டு போக வேண்டிய வேலை. சில மாதங்களாக சேஃப்டி ரேசர் போடுகிறேன். பழைய ஃபோமோடு போட்டால் ஒரு கன்னம் முடிவதற்குள் நுரை காய்ந்து பிளேடு இழுக்கிறது. அதனால் பிரஷும் டியூப் கிரீமும் வாங்கினேன். அதைக் கோவையில் அக்கா வீட்டில் போட்டபோது அருமையாக நுரைத்தது. இங்கே வீட்டில் போட்டால் பொங்குவதுபோல் வந்து உடனே அடங்கிவிடுகிறது. ரேசரில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. டியூப் போலியோ என்று சந்தேகம். ஆனால் இதே போர்த் தண்ணீரில் ஷாம்பூ நன்றாகவே நுரைக்கிறது. நண்பர் ஒருவர் விலை அதிகமான இத்தாலிக் கிரீம் வாங்கச் சொல்கிறார். அம்மா, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு ஷேவ் செய்யச் சொல்கிறார். நான் எந்தக் கிரீம் வாங்குவது?

– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: டியூப் மேல் உள்ள சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள் தம்பி, அது போலி இல்லை. அக்கா வீட்டில் சிறுவாணித் தண்ணீர், உங்கள் வீட்டில் போர்த் தண்ணீர். அங்கே நுரைத்த கிரீம் இங்கே அடங்கிப்போனதற்கும், ரேசரில் வெள்ளை படிவதற்கும், ஷாம்பூ மட்டும் தப்பிப்பதற்கும் காரணம் ஒன்றே. அதற்கு வருகிறேன். நீங்கள் ரேசரையும் ஊரையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். ரேசர் மாறியதால் ஒரு சிக்கல், தண்ணீர் மாறியதால் ஒரு சிக்கல். இரண்டும் சேர்ந்து வந்ததால் பழி கிரீம்மேல் விழுந்துவிட்டது.

ரேசரிலிருந்து தொடங்குவோம். உங்கள் கையில் இருப்பது, அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வாரிசு. மெல்லிய இருபக்க பிளேடு, அதை வளைத்துப் பிடிக்கும் மூடி, கீழே தோலைத் தாங்கும் ஒரு தகடு, ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். நீங்கள் விட்டுவந்த கார்ட்ரிட்ஜ் வேறு வகை. முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தலை அசையும். பிளேடுகளுக்கு முன்னால் ரப்பர் வரிகள் தோலை இழுத்துப் பிடிக்கும். மேலே நிறம் பூசிய ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டையில் பாலிஎதிலீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது கொழகொழவென்று ஆகி, ஒவ்வோர் இழுப்பிலும் தோல்மேல் ஒரு வழுக்கலை விட்டுச் செல்லும். அதனால் நுரை சுமாராக இருந்தாலும் கார்ட்ரிட்ஜ் சமாளித்துவிடும். சேஃப்டி ரேசரில் அந்தப் பட்டை கிடையாது. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே நீங்கள் தடவும் நுரையைத் தவிர வேறு எதுவும் இல்லை. சேஃப்டி ரேசருக்குக் கிரீம் தேர்ந்தெடுப்பதில் இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

ஃபோம் இங்கே ஏன் தோற்கிறது? டப்பாவுக்குள் சோப்புக் கரைசலையும் புரோப்பேன், ஐசோபியூட்டேன் போன்ற வாயுக்களையும் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் வாயு விரிந்து, நொடியில் கை நிறைய நுரை வருகிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அதன் கன அளவில் பெரும்பகுதி வாயுதான், தண்ணீர் குறைவு. அதைக் கையால் எடுத்து அப்பிக்கொள்வதால் முடியின் வேர்வரை ஈரம் போய்ச் சேர்வதும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே நின்று ஷேவ் செய்தால் ஒரு கன்னம் முடிவதற்குள் காய்வது இயல்பு. சேஃப்டி ரேசரோடு அதைச் சேர்க்காதீர்கள். மிச்சமிருக்கும் டப்பாவை ஊருக்குப் போகும்போது பழைய கார்ட்ரிட்ஜோடு எடுத்துப்போய்த் தீர்த்துவிடலாம்.

இனித் தண்ணீர். சிறுவாணி நீர், மலைக்காட்டில் பெய்த மழை பாறைமேல் ஓடி வந்து அணையில் தேங்குவது. கால்சியமும் மக்னீசியமும் பெரிதாகக் கரைய அதற்கு அவகாசம் இல்லை. உங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர், நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் பாறை இடுக்குகளில் பல காலம் கிடந்து அந்த உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருவது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் அந்த உப்புகளால் வரும் கடினத்தன்மை 200 மில்லிகிராம்வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600வரை பொறுத்துக்கொள்ளலாம். கொங்குப் பகுதியில் பல போர்கள் அந்த 600ஐயும் தாண்டுவது புதிதல்ல.

பிரஷால் நுரைக்க வேண்டிய டியூப் கிரீம் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், உள்ளே இருப்பது சோப்பு. முக்கியமாக ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துச் செய்த மென்மையான சோப்பு. கடின நீர் பட்டதும் அதிலுள்ள கால்சியம் முதலில் சோப்பைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து கால்சியம் ஸ்டியரேட் ஆகின்றன. அது தண்ணீரில் கரையாது, நுரைக்காது, வழுக்காது. ரேசரில் நீங்கள் கண்ட வெள்ளை அதுதான். உங்கள் முகத்திலும் அது படிந்திருக்கும். ஷேவ் முடிந்து எவ்வளவு கழுவினாலும் தோல் பிசுபிசுவென்றோ வறண்டோ தெரிந்தால் அதனால்தான். தண்ணீரில் உள்ள கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். அதனால் கிரீமை இரண்டு மடங்கு பிதுக்கினால் நுரை வரத்தான் செய்யும். ஆனால் அதோடு வெள்ளைப் படிவும் கூடும். ஷாம்பூவில் இருப்பது சோப்பு இல்லை, சோடியம் லாரத் சல்ஃபேட் போன்ற செயற்கை நுரைப்பான். கால்சியத்தோடு சேர்ந்தாலும் அது தண்ணீரில் கரைந்தே இருக்கும். ஆகவே நுரைக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூடியுள்ள இரண்டு சிறிய கண்ணாடிப் பாட்டில்கள் எடுங்கள். ஒன்றில் போர்த் தண்ணீர், மற்றொன்றில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு கிரீமைச் சிறிது போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். கேன் தண்ணீரில் நுரை நிற்கும். போர்த் தண்ணீர் பாலாகக் கலங்கித் திப்பிகள் மிதக்கும்.

தீர்வுக்குச் செலவே இல்லை. ஷேவிங்குக்கு மட்டும் ஒரு பெரிய டம்ளர் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள்: ஆர்.ஓ. நீரோ, கேன் தண்ணீரோ, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ, பிடித்து வைத்த மழை நீரோ. முகத்தை நனைக்க, பிரஷை ஊறவைக்க, நுரைக்க, இடையிடையே ரேசரை அலச 300 மில்லி போதும். கடைசியில் போர்த் தண்ணீரால் முகம் கழுவினாலும், அதற்கு முன் ஒருமுறை நல்ல தண்ணீரால் சோப்பை முழுவதும் எடுத்துவிடுங்கள். போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகாதா என்று கேட்பார்கள். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் பகுதி மட்டும் கொதித்ததும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். சல்ஃபேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது அப்படியே நிற்கும். வேறு வழியே இல்லாத நாளில் கொதித்து ஆறித் தெளிந்த நீர் ஓரளவு உதவும், அவ்வளவுதான். சில கிரீம்களில் கால்சியத்தைப் பிடித்துவைக்க ஈ.டி.டி.ஏ. அல்லது எட்டிட்ரோனிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். டியூபில் அந்தப் பெயர் இருந்தால் நல்லதே. ஆனால் உங்கள் ஊர்த் தண்ணீரின் கடினம் முழுவதையும் அது தாங்காது.

தண்ணீர் சரியான பிறகு டியூபைப் பார்ப்போம். கடையில் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களைப் பெரும்பாலும் அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடுவார்கள். முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் இருந்தால் அது பிரஷுக்கான கிரீம். ஹைட்ராக்சைடு என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தயாரிப்பின்போதே அது அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடுகிறது. பொட்டாசியம் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளியல் சோப்பு சோடியத்தால் ஆனது, கெட்டியானது. பொட்டாசியம் சோப்பு இளகலாக, தண்ணீரில் விரைந்து கரைந்து, ஈரமான வழுக்கலான நுரை தரும். கிளிசரின் அந்த ஈரத்தைக் காயவிடாமல் பிடித்துவைக்கும். குளியல் சோப்பைப் போட்டு ஷேவ் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்: ஒரு நாள் அவசரத்துக்குச் செய்யலாம், வழக்கமாக வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் அமிலங்களும் பட்டியலில் இருக்கும். அவைதான் நுரையைச் சட்டென்று பொங்கவைப்பவை. ஆனால் அந்தக் குமிழிகள் பெரிதாக இருந்து சீக்கிரம் உடையும். ஸ்டியரிக் அமிலம் தரும் நுரை மெதுவாக வந்தாலும் பொடிக் குமிழிகளாக நின்று நிலைக்கும். நல்ல கிரீமில் இரண்டும் வேண்டும், ஸ்டியரிக் முன்னால் நிற்க வேண்டும். 'பிரஷ் தேவையில்லை' என்று எழுதியிருக்கும் கிரீம் வேறு வகை. எண்ணெயும் தண்ணீரும் கலந்த அந்தக் கிரீம் நுரைக்காது, பிளேடின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். சேஃப்டி ரேசருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சைவம் பார்ப்பவர்கள் பட்டியலில் டாலோவேட் என்ற சொல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது விலங்குக் கொழுப்பிலிருந்து வருவது. பல இந்திய டியூப்களில் பச்சைப் புள்ளியே போட்டிருப்பார்கள்.

கோத்ரெஜ், பாமோலிவ், வி-ஜான் என்று மளிகைக்கடையிலேயே தொங்கும் டியூப்கள் இந்தப் பிரஷ் வகைதான். நண்பர் சொல்லும் இத்தாலிக் கிரீம் அநேகமாக புரோராசோவாக இருக்கும். பிளாரன்ஸில் 1908இல் தொடங்கிய மார்தெல்லி குடும்ப நிறுவனத்துடையது. மோசமான சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. விரைவாக நுரைக்கும், முகத்தைவிட்டுச் சுத்தமாகக் கழுவிப் போகும். லண்டனிலிருந்து வரும் டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் கிரீம்களின் மணத்துக்கென்றே வாங்குபவர்கள் உண்டு. ஆனால் இவையும் சோப்புதான். பல்லடத்துப் போர்த் தண்ணீரில் குழைத்தால் இத்தாலிக் கிரீமும் திப்பியாகும். நல்ல தண்ணீரில் உள்ளூர் டியூபைச் சரியாக நுரைப்பவருக்கும் விலை உயர்ந்த கிரீமைச் சரியாக நுரைப்பவருக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். அது மணத்திலும் சுகத்திலும் தெரியும். பிளேடு இழுப்பதில் அவ்வளவாகத் தெரியாது.

உங்கள் கழுத்து இருக்கும் நிலையில் மென்தால் சேர்ந்த கிரீமை இப்போது தவிருங்கள். புரோராசோவின் பச்சை டியூபில் மென்தாலும் யூகலிப்டஸும் உண்டு. நம் ஊர்க் கடையில் 'கூல்' என்று விற்பவற்றிலும் பொதுவாக மென்தால் இருக்கும். அது தோலைக் குளிரவைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிக் குளிர்ந்ததுபோல் காட்டுகிறது. நல்ல தோலுக்குச் சித்திரை வெயிலில் அது இதம்தான், பொரிந்த தோலுக்கு எரிச்சல். வாசனை தூக்கலான கிரீமும் இப்போது வேண்டாம். கிருமிநாசினி என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் கழுவிவிடும் நுரையிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. எந்தப் புது டியூபையும் முதலில் காதுக்குக் கீழே ஒரு சிறு இடத்தில் நுரையாகத் தடவி, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவி, அடுத்த இரண்டு மூன்று நாள் சிவக்கிறதா என்று பார்த்துவிட்டு முகம் முழுக்கப் போடுங்கள். சோப்பு நுரை காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு பொதுவாக 9, 10 அளவில் இருக்கும், தோலின் அளவோ 5ஐ ஒட்டியது. அதனால் தேவையான நேரத்துக்கு மேல் முகத்தில் வைக்காமல், சுவடில்லாமல் கழுவுவது முக்கியம்.

நுரைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் பிழைவிடுவது இதில்தான். தாடி முடி கெரட்டினால் ஆனது. தண்ணீரை உறிஞ்சினால் பருத்து மென்மையாகும், வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறையும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஈரம் தொடர்ந்து இருக்க வேண்டும். குளித்த பிறகு ஷேவ் செய்வது அதற்கு எளிய வழி. நம் வீடுகளில் பலர் சவரம் முடித்துத்தான் குளிப்பார்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வழக்கத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். அப்படியானால் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் மூன்று நிமிடம் வைத்திருங்கள்.

பிரஷை ஊறவைத்து ஒருமுறை உதறுங்கள். கிரீமை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குமேல் பிதுக்க வேண்டாம். ஒரு கிண்ணத்திலோ நேராகக் கன்னத்திலோ வட்டமாகச் சுழற்றுங்கள். முதலில் வரும் நுரை உலர்வாக, பளபளப்பில்லாமல், பிரஷில் கூராக நிற்கும். பார்க்க நிறைவாக இருப்பதால் பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இது இன்னும் தயாராகவில்லை. பிரஷின் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, நாலைந்து தடவை மேலும் சுழற்றுங்கள். பெரிய குமிழிகள் மறைந்து, நன்றாகச் சிலுப்பிய தயிரின் பதத்துக்கு வந்து, மினுமினுப்புத் தெரியும். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்து அழுத்தித் தேயுங்கள். விரல்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவினால் சரி. பிளேடு போவது உயர்ந்து நிற்கும் நுரைமேல் இல்லை. தோலை ஒட்டிக் கிடக்கும் இந்த மெல்லிய வழுக்கல்மேல். நுரையின் உயரத்தை வைத்துக் கிரீமை மதிப்பிடாதீர்கள்.

பிரஷைப் பொறுத்தவரை செயற்கை இழைப் பிரஷ் போதும், சீக்கிரம் உலரும், நம் புழுக்கத்தில் நாற்றம் வராது. பயன்படுத்தியதும் அலசி உதறி நிறுத்தி வையுங்கள். ரேசரில் ஏற்கெனவே படிந்த வெள்ளையைப் பாத்திரம் கழுவும் திரவம் சிறிது விட்டு, வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

அம்மா சொல்லும் தேங்காய் எண்ணெய் வழுக்கும் என்பது உண்மை. ஆனால் அதன்மேல் நுரை நிற்காது. எண்ணெய் குமிழிகளை உடைத்துவிடும், சேஃப்டி ரேசரின் இடுக்கையும் அடைக்கும். ஷேவ் முடிந்த பிறகு வறண்ட கன்னத்தில் இரண்டு துளி தடவிக்கொள்வதில் தவறில்லை. பருக்கள் உள்ள கழுத்தில் மட்டும் வேண்டாம், அடைத்துக்கொண்டு இன்னும் பொரியும். வாசனையில்லாத லேசான மாய்ஸ்சரைசர் அங்கே நல்லது. படிகாரக் கல்லும் வைத்துக்கொள்ளலாம், கீறல் விழுந்த இடத்தில் மட்டும். தினமும் கழுத்து முழுக்கத் தேய்த்தால் தோல் வறளும்.

அந்தப் பருக்களைப் பற்றி உங்கள் முடி வெட்டும் அண்ணன் சொன்னது சரி. கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்க, அது உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டுகிறது. வெட்டிய முனை தோலுக்குக் கீழே போய்விடுகிறது. சுருண்டு வளரும் கழுத்து முடி வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே குத்தி வீங்கும். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் வெட்டுவதால் இது குறையும். ஆனால் நீங்கள் ரேசரை அழுத்தினாலோ, தோலை இழுத்துப் பிடித்தாலோ, எதிர்த்திசையில் ஏற்றினாலோ அந்த நன்மை போய்விடும். ஒரு நாள் விட்டு முடி வளர்ந்ததும் கழுத்தை விரலால் தடவி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பலருக்கு இடப்பக்கம் ஒரு திசை, வலப்பக்கம் வேறு திசை இருக்கும். கொஞ்ச காலம் முடி சாயும் திசையில் மட்டும் இறக்குங்கள். இரண்டாம் முறை தேவையென்றால் மறுபடி நுரை தடவிய பிறகுதான். பிளேடை நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சேஃப்டி ரேசரில் மலிவானது அதுதான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். சீழ் வைத்தாலோ, கறுத்துத் தழும்பாகத் தடித்தாலோ ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அலுவலகத்தில் காட்ட அவர் சீட்டு எழுதித் தருவார். தாடியோடு சில வாரம் வேலைக்குப் போகலாம்.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை இது. கையில் இருக்கும் டியூப் மென்தால் இல்லாததென்றால் அதையே தீரும்வரை வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால், அதே விலையில் மென்தால் இல்லாத, வாசனை மட்டான, பின்பக்கத்தில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் கிளிசரினும் முன்வரிசையில் உள்ள உள்ளூர் டியூப் ஒன்று வாங்குங்கள். நாளைக் காலையிலிருந்து கேன் தண்ணீரில் நுரையுங்கள். இத்தாலிக் கிரீம் இப்போது வேண்டாம். கழுத்து ஆறிய பிறகு, மணத்துக்கும் சுகத்துக்கும் ஆசைப்பட்டால் தாராளமாக வாங்குங்கள். அப்போதும் பச்சை டியூபை விட்டு, மென்மையான தோலுக்கென்று அவர்கள் செய்யும் வெள்ளை டியூபையே எடுங்கள்.